கெத்தரினுக்கு ஊட்டாத கேக்

சேசு மரி சூசை துணை

அலுவிகாரை,
மாத்தளை.

மகள் ஷெனாலிக்கு அம்மா மதலேனா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், ஆனால் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் நடமாடுகிறோம் என்றே வைத்துக்கொள். நீயும் மருமகன் ஜெராட்டும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் நல்லபடி இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்கிறேன், உன்மேல் கோபம் இருக்கிற நாளிலும் கேட்கிறேன், இப்போது எல்லா நாளும் கோபம் இருக்கிற நாள்தான். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய், சிரி. போனில் பேசினால் உனக்குப் பிடிக்காத இடம் வந்ததும் லைன் கிளியர் இல்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழித்தாலும் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். அதோடு இங்கே போன் அடித்தாலே உன் தங்கச்சி கெத்தரின் ஓடிப்போய் நான் துணி வெட்டுகிற மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொள்கிறாள், அது ஏன் என்றும் எழுதுகிறேன். முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் கர்ப்பத்துக்கு எடுத்த இரத்த டெஸ்டின் முடிவு நல்லபடி வர வேண்டும், கெத்தரினுக்கு சொக்லட் கேக் வாங்கி ஊட்டி வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று வொய்ஸ் மெசேஜ் போட்டாயே, அந்தக் கேக்கை நான் ஊட்டவில்லை. இனி ஊட்டவும் மாட்டேன். நீ பார்த்துவிட்டு ஹார்ட் போட்ட வீடியோ என்ன வீடியோ என்பதும் இதில் வரும், அவசரப்படாமல் வரிசையாகப் படி.

மெல்பேர்ன் போனதும் உனக்குப் பழசெல்லாம் மறந்துவிட்டது போல, நான் ஞாபகப்படுத்துகிறேன். கெத்தரின் டவுன் சின்ட்ரோமோடு பிறந்த பிள்ளை, நெஞ்சில் ஓட்டையோடு பிறந்த பிள்ளை, கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்து திரும்பக் கொண்டுவந்தபோது நீ பள்ளிக்கூடச் சட்டையோடு கடை வாசலில் நின்று அழுதாய், அதை நான் மறுக்கவில்லை. அவள் நடக்கத் தொடங்கி என்னோடு தையல் கடைக்கு வர ஆரம்பித்த பிறகு பக்கத்துச் சாப்பாட்டுக்கடை இத்ரூஸ் நானா காலையில் கடை திறக்கிற நேரம் அவளைக் கூப்பிட்டு முதல் வியாபாரத்துக் காசை அவள் கையால் காசு மேசை லாச்சியில் போடச் சொல்வார். பிள்ளைக்குக் கைராசி இருக்கிறது என்பார், ஒரு பிஸ்கட் கொடுப்பார், அவ்வளவுதான். அதைப் பெரிய வழக்கமாக்கியது யார்? விசாவுக்காக நீ காத்துக்கொண்டு இருந்த நேரம் ஒரு காலையில் ஒரு துண்டுக் கேக்கை அவள் வாயில் வைத்து, அவள் சிரிக்கிற வரைக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். அன்றைக்குப் பின்னேரமே விசா வந்தது. நீ கடைவரிசை முழுக்க ஓடி ஓடி, என் தங்கச்சி வாயில இனிப்பு விழுந்து அவ சிரிச்சா நினைச்சது நடக்கும் என்று சொன்னாய், போதாததற்கு பேஸ்புக்கிலும் போட்டாய். அதற்குப் பிறகு சோதனைக்குப் போகிற பிள்ளைகள், வழக்குக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள், வான் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் நம் வாசலில். இத்ரூஸ் நானாவின் வட்டிலப்பம், மரக்கறிக்கடை வேலம்மாவின் டொபி, பார்மசி நடத்துகிற சிங்கள மாத்தயாவின் சீனி தூவின கிம்புலா பணிஸ், ஸ்பைஸ் கார்டன் பையன்களின் சோடா. அவள் சிரிக்கவில்லை என்றால் ராசி பிடிக்கவில்லை என்று இன்னொரு வாய் ஊட்டுவார்கள், அதுவும் நீ போட்ட சட்டம்தான். வயிறு நிறைந்த பிள்ளைக்குச் சிரிப்பு எங்கே இருந்து வரும், அதனால் இன்னொரு வாய், இன்னொரு வாய். நீயும் விட்டாயா? வேலை இன்டர்வியூ என்றால் கேக், லைசன்ஸ் சோதனை என்றால் கேக், வீடு பார்க்கப் போனால் கேக், பணிஸ் வேணாம்மா சொக்லட் கேக்கே வாங்குங்க என்று கண்டிப்பு வேறு. நம் பிள்ளையை யாரும் ஒதுக்காமல் தேடி வருகிறார்களே என்ற சந்தோஷத்தில் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், அதற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உன்னைத் தள்ளி நிறுத்திவிட்டு என்னை மட்டும் திட்ட வராதே.

அவளுக்கு இப்போது பதினைந்து முடிந்துவிட்டது. தூங்கும்போது குறட்டை நடுவில் அறுந்து மூச்சு நின்று நின்று வருகிறது, படி ஏறினால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள், பல் விளக்கினால் முரசில் இரத்தம், இதெல்லாம் பார்த்துத்தான் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிளினிக்கில் இருந்தது ஒரு சின்ன வயது லேடி டொக்டர், சிங்களத்தில்தான் பேசினார், என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கூடக் கடிந்து சொல்லவில்லை. இடுப்பைச் சுற்றி அளந்து, நிறை பார்த்து, இரத்தம் எடுத்து, அடுத்த முறை வரச்சொல்லி உட்கார வைத்து விளக்கினார். அவள் வயதுக்கு உடம்பில் கொழுப்பு மிச்சம் கூடுதல், அதிலும் வயிற்றைச் சுற்றிக் கூடுதல். இரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற சி.ஆர்.பி. என்று ஒன்று இருக்கிறதாம், அதுவும் ஏறித்தான் இருக்கிறது. எனக்குப் புரியவில்லை, காயம் இல்லை, காய்ச்சல் இல்லை, பிறகு எங்கே அழற்சி என்று கேட்டேன். அம்மா, கொழுப்பு சும்மா ஏற்றி வைத்த மூட்டை இல்லை, அதுவும் உடம்புக்குள் வேலை செய்கிறது, அளவு மிஞ்சினால் உடம்பைச் சீண்டிக்கொண்டே இருக்கும் என்றார். எனக்கு உமி அடுப்புத்தான் ஞாபகம் வந்தது, மேலே சுவாலை தெரியாது, கையை வைத்தால்தான் உள்ளே கனல்வது தெரியும். டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடச் சுலபமாகக் கொழுப்பு சேருமாம், தசை தளர்வாம், நிறையப் பேருக்குத் தைரொயிட்டும் குறைவாம், நம்மவளுக்கும் குறைவுதான். அதோடு இவர்கள் உடம்பு முதலே அழற்சிப் பக்கம் சாய்ந்த உடம்பு, அதன் மேல் கொழுப்பும் சேர்ந்தால் பின்னால் சீனி வருத்தம், ஈரல், நெஞ்சு என்று இழுத்துக்கொண்டு போகலாம், வளர்கிற வயதிலேயே பிடித்துவிட வேண்டும் என்றார். எல்லாம் இன்னும் முழுக்கத் தெரியாது, ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பட்டினி போடக்கூடாது. இனிப்புத் தண்ணி எதுவும் வேண்டாம், சாப்பாட்டுக் கோப்பையில் பாதிக்கு மரக்கறி, தினமும் வேர்க்கிற மாதிரி நடை, தைரொயிட் குளிசை வெறும் வயிற்றில், முரசைச் சுத்தமாக வைக்க வேண்டும், தூக்கத்தில் மூச்சைப் பார்க்க வேறு டொக்டருக்குத் துண்டு எழுதித் தந்தார். இவ்வளவுதான் மருந்து. பஸ்ஸில் வரும்போது நெஞ்சு ஒப்பரேஷனுக்குப் பிழைத்த பிள்ளையைத் தின்னக் கொடுத்தே இழந்துவிடுவோமோ என்று இறங்கும் வரைக்கும் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

இதை உன்னிடம் மறைக்கக்கூடாது என்று அன்று பின்னேரமே வீடியோ கோல் எடுத்தேன். அதுதான் என் புத்திகெட்ட வேலை. நடப்பதற்கென்று மாத்தளை டவுனில் வாங்கின புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கெத்தரின் உனக்குக் காட்ட வந்து பக்கத்தில் நின்றாள், காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள், உனக்கு அந்தக் கால் தெரியவில்லை. நீ என்ன சொன்னாய் என்று நான் எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் கோபத்தில் என்னவோ சொன்னேன் என்று பிறகு சொல்வாய். பன்னிக்குட்டி மாதிரி ஊதிப் போயிருக்கா, பார்க்கவே சகிக்கல, சோத்தப் போட்டே கொல்றீங்க என்று சொன்னாய். வாய் கூசாமல் சொன்னாய். அவளுக்கு ஒன்றும் விளங்காது என்று நினைத்தாயா? அவளுக்குப் பேசத்தான் நேரமாகும், கேட்க நேரமாவதில்லை. காலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் உன்னோடு சண்டை பிடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், ஈஸ்டருக்குத் தைத்த சட்டையை அலுமாரியில் இருந்து எடுத்து வந்து என் மடியில் போட்டு, அம்மா சின்னதாத் தை, இறுக்கித் தை என்கிறாள். ஏன் மகள் என்று கேட்டால் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொள்கிறாள். எத்தனையோ பேருக்கு எத்தனையோ விதமாகத் தைத்துக் கொடுத்திருக்கிறேன் ஷெனாலி, இப்படி ஒருத்தரும் என்னிடம் தைக்கக் கேட்டதில்லை. அன்றைக்கு உன்னை நான் சபிக்கவில்லை, நீ பிள்ளைத்தாய்ச்சி என்பதால் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

உன்மேல் காட்ட முடியாத கோபத்தை அடுத்த நாள் கடைவரிசையில் காட்டினேன். ஒவ்வொரு கடையாக ஏறி, இனி என் பிள்ளை வாயில் யாரும் ஒன்றும் வைக்கக்கூடாது, வைத்தால் மரியாதை கெட்டுவிடும் என்று சொன்னேன். நல்ல மாதிரிச் சொல்லியிருக்கலாம் என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார், அவர் எதையும் நல்ல மாதிரிச் சொல்லித்தான் இந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை. இத்ரூஸ் நானாவின் முகம் செத்துப்போனது. என்ன தங்கச்சி, நாங்க என்ன நஞ்சா குடுத்த, எண்ட மகள்ட வாயில வெக்கிற மாதிரித்தானே வெச்ச என்றார். வேலம்மா ஒரு படி மேலே போய், எங்க கையால சாப்பிட்டா உங்க பிள்ளைக்கு ஆகாதாக்கா, அதச் சொல்லத்தான் காலங்காத்தால வந்தீங்களா என்று தராசை டங்கென்று வைத்தாள். நான் கொழுப்பைப் பற்றிச் சொல்கிறேன், அவள் கையைப் பற்றிப் பேசுகிறாள். எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அதோடு என்ன செய்தார்கள் தெரியுமா, அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். காலையில் கெத்தரின் வழக்கம்போலத் தலை சீவிப் பவுடர் போட்டு நம் கடை வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், ஒவ்வொரு கடையாகத் திறக்கிறது, ஒருத்தரும் அவளைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ரோட்டுக்கு நடுவில் இறங்கி நின்று, சாப்பாட்டை நிறுத்துங்க என்று சொன்னேனா இல்லை பிள்ளையை நிறுத்துங்க என்று சொன்னேனா என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து நாவுலக்குப் போகிற பஸ் வந்து நின்றது, ஜன்னல் எல்லாம் தலை, ஸ்டியரிங்கில் உன் அப்பா, என்னைத் தெரியாதவர் மாதிரி மறுபக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் விடவில்லை.

அடுத்த நாள் கூப்பிட்டார்கள். ஆனால் வெறும் கையோடு கூப்பிட அவர்களுக்கு மனம் வரவில்லை, இனிப்பு விழாவிட்டால் ராசி இல்லையே, நீ சொல்லிக் கொடுத்த பாடமாயிற்றே. இத்ரூஸ் நானா ஒரு கரண்டி வட்டிலப்பத்தை எனக்குத் தெரியாமல் நீட்டினார். நான் பாய்ந்து போவதற்குள் கெத்தரின் அந்தக் கரண்டியை வாங்கி அவர் வாய்க்கே கொண்டுபோனாள். வேணா, நீ தின்னு என்றாள். பெரிய மனிதர், பிள்ளை ஊட்டுகிறாளே என்று வாயைத் திறந்தார். விழுங்கின பிறகும் விடவில்லை, சிரி என்று சொல்லி அவர் சிரிக்கிற வரைக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவர் சிரிக்காததால் இன்னொரு கரண்டி. பார்மசி மாத்தயாவுக்குப் பணிஸ், வேலம்மாவுக்கு டொபி, எல்லாருக்கும் அதே நியாயம். நான் கடைக்குள் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தடுக்கவில்லை, எனக்கு உள்ளுக்குள் நல்ல திருப்தி. இப்படிக் கொஞ்ச நாள் போனதும் இத்ரூஸ் நானாவின் மனுஷி நூருன்னிஸா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் கடைக்கு வந்தா. நானாவுக்குச் சீனி ஏறிப் போய்விட்டதாம், ஒங்கட புள்ளய கொஞ்சம் அடக்கி வெய்ங்க என்றா. நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன், உங்க மனுஷன் வாயில போனா சீனி, என் பிள்ளை வாயில போனா ராசியா என்று. அவ கெத்தரின் பக்கம் திரும்பினா. நின்று அவள் வயிற்றையும் காலையும் பார்த்தா, பிறகு போய்விட்டா. அதோடு இந்த வரிசையில் இனிப்பு நின்றது. இப்போதும் முதல் காசை அவள்தான் லாச்சியில் போடுகிறாள், கையைப் பிடித்து நன்றி சொல்லி அனுப்புகிறார்கள், வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை. வேலம்மா மட்டும் மனம் கேட்காமல் வெள்ளரிக்காய் சீவிக் கொடுக்கிறாள், அதற்கு நான் வாய் திறப்பதில்லை. பின்னேரம் நூருன்னிஸாவே வந்து அவளைப் பௌத்தப் பன்சலை வளைவு வரைக்கும் நடக்கக் கூட்டிக்கொண்டு போகிறா. நடை வேகத்துக்காக இரண்டு பேரும் போகிற வழியெல்லாம் சண்டை, வருகிற வழியெல்லாம் சண்டை, வந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நாளைக்கும் வா என்பாள் கெத்தரின்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து நீ நிம்மதிப் பெருமூச்சு விடாதே. முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, குறட்டை அப்படியேதான் இருக்கிறது, இரத்தம் இன்னும் சில மாதம் போய்த்தான் திரும்ப எடுப்பார்கள், இறங்கியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. உன் அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஏங்கிப் போறா மதலேனா என்று சொல்லிச் சட்டைப் பையில் இனிப்பு ஐஸ் பாக்கெட்டை ஒளித்துக்கொண்டு வந்து, அது உருகிச் சட்டை நனைந்து பிடிபட்டார். அவர் வாங்கின ஏச்சை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. ஆனால் எனக்கு இப்போது பயம் கொழுப்பில் இல்லை. உன் கோலுக்குப் பிறகு போன் அடித்தாலே நீதான் என்று நினைத்து மேசைக்கு அடியில் ஒளிகிறாள், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் இல்லை. சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டிச் சாப்பிடுகிறாள், நாம் பார்க்கிறோமா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், பார்த்தால் கையை எடுத்துவிடுகிறாள். ஒரு நாள் தைரொயிட் குளிசையைக் கூட இது தின்றால் ஊதுமா என்று கேட்டாள். டொக்டரிடம் சொன்னேன், இதுதான் கூடாது, வெட்கப்படுத்தி மெலிய வைத்த பிள்ளை நிலைக்காது, ஒன்றில் சாப்பிடாமல் விழும், இல்லாவிட்டால் ஒளித்துச் சாப்பிடும் என்று அவர் கவலைப்பட்டார். யார் சொன்னது என்று கேட்டார். வீட்டில் ஒருத்தர் என்று சொன்னேன், உன் பெயரைச் சொல்லவில்லை. அந்த இடத்திலும் உன்னைக் காப்பாற்றினது நான்தான்.

இப்படி இருக்கும்போதுதான் உன் வொய்ஸ் மெசேஜ் வந்தது. சோத்தப் போட்டே கொல்றீங்க என்று என்னைச் சொன்ன அதே வாயால், இந்த ஒரு தடவ மட்டும்மா, ஒரே ஒரு துண்டு, அவ சிரிக்கணும், எனக்கு ரொம்பப் பயமா இருக்கு என்று அழுகிறாய். நீ அழுததை நான் திரும்பவும் போட்டுக் கேட்டேன், நான் கல் இல்லை. ஆனாலும் முடியாது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே நல்ல பிள்ளை வேஷம் போட்டார். பிள்ளைத்தாய்ச்சி கேட்டு இல்லை என்று சொல்லக்கூடாது என்று என் காதுக்கு எட்டாமல் போனைத் தூக்கிக்கொண்டு போய், போன வருஷம் உன் வீட்டு விஷயத்துக்காக எடுத்த பழைய வீடியோவை உனக்கு அனுப்பிவிட்டார். ஆமாம், நீ பார்த்தது பழைய வீடியோ. அதில் நீ அனுப்பின மஞ்சள் சட்டையைப் போட்டிருக்கிறாள், அது இப்போது அவள் தோளில் கூட ஏறாது. முன்பல்லில் ஒன்று இப்போது இல்லை, முரசு கெட்டுப் பிடுங்கினோம், உனக்குச் சொல்லியும் இருக்கிறேன். தலைமுடியை இப்போது தோளுக்கு மேலே வெட்டியிருக்கிறோம், வீடியோவில் இரட்டைப் பின்னல். அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று சொன்னவள், அந்த வீடியோவை எத்தனை முறை போட்டுப் பார்த்தாயோ, வரிசையாக ஹார்ட் போட்டாய், என் தங்கம், இப்ப நிம்மதி என்று எழுதினாய். அந்த முகம் ஒரு வருஷத்துக்கு முந்தின முகம் என்று உனக்குத் தெரியவில்லை. நீ அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை ஷெனாலி. கேக் உள்ளே போகிறதா, சிரிக்கிறாளா, அதைத்தான் பார்த்தாய். அப்பா செய்த வேலைக்கு அவரோடு நான் பேசுவதில்லை, சோறு மட்டும் போடுகிறேன்.

அப்பா உன்மேல் இரக்கப்பட்டார், நான் யோசித்துப் பார்த்தேன். அது என்ன டெஸ்ட் என்று ஜெராட்டிடம் கேட்டு எழுதச் சொன்னேன், அந்தப் பிள்ளை ஒளிக்காமல் எழுதினார். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்க வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட். இப்போது நீயே வாய்விட்டுச் சொல்லிப் பார், நீ என்ன கேட்டாய் என்று. எனக்கு வருகிற பிள்ளை கெத்தரின் மாதிரி இருக்கக்கூடாது, அதற்காகக் கெத்தரின் வாயில் கேக் ஊட்டி அவளைச் சிரிக்க வையுங்கள். இதைத்தானே கேட்டாய்? அவள் உடம்பில் ஏறுகிற கொழுப்பும் அவளுக்கு, உள்ளே கனல்கிற அழற்சியும் அவளுக்கு, ராசி மட்டும் உனக்கு. பயப்படுவது பிழை என்று நான் சொல்லவில்லை. அவள் பிறந்த அன்று நர்ஸ் சொன்னதும் நானும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான், டெஸ்ட் எடுப்பதும் உன் இஷ்டம். ஆனால் அந்தப் பயத்தை அவள் வாயில் கொண்டுவந்து வைக்க உனக்கு உரிமை இல்லை. இந்தக் கடிதம் மெல்பேர்னுக்கு வந்து சேர்வதற்குள் உன் முடிவு வந்திருக்கும் என்று தெரிந்துதான் தபாலில் போடுகிறேன். நல்லபடி வந்திருந்தால் கேக்கால் வந்தது என்று ஊர் முழுக்கச் சொல்லாதே, கேக் இல்லை. வேறு மாதிரி வந்திருந்தால் அம்மா ஊட்டாததால்தான் என்றும் சொல்லாதே. இரண்டுக்கும் அவள் பொறுப்பு இல்லை.

சரி, கோபம் வேறு, பிள்ளைத்தாய்ச்சி வேறு. இரும்புச் சத்துக் குளிசையைத் தேயிலைத் தண்ணியோடு குடிக்காதே, சத்து உடம்பில் சேராது. அங்கே குளிர் என்று ஜெராட் சொன்னார், கால் உறை போடாமல் தரையில் நடக்காதே. வாந்தி நிற்கவில்லை என்றால் காலையில் எழும்பும் முன்னே கட்டிலில் இருந்தபடியே ஒரு காய்ந்த பாண் துண்டு கடி. அப்பா நன்றாக இருக்கிறார், உன் பக்கம் நின்றதற்காகத் தண்டனை அனுபவிக்கிறார் என்பதைத் தவிர வேறு குறை இல்லை. மாதா உன்னையும் உன் வயிற்றையும் தன் முந்தானையால் மூடிக் காக்கட்டும், உன் நெற்றியில் நான் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள், அதை நான் கோபத்திலும் குறைத்துப் போடமாட்டேன்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும் போன் எடு. ராசி கேட்காதே, கேக் என்ற பேச்சை எடுக்காதே, முதலில் அவளிடம் மன்னிப்புக் கேள், சப்பாத்தைக் காட்டச் சொல். மேசைக்கு அடியில் இருந்தாலும் உன் குரலை அவள் கேட்பாள். பாப்பா வரப்போகிறது என்று அவளிடம் இன்று காலையில்தான் சொன்னேன். மேசைக்கு அடியில் இருந்து வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்து, பாப்பா என்னை மாதிரியா என்று கேட்டாள். ஆசையாகத்தான் கேட்டாள் மகள். நான், அக்காவிடம் கேள் என்று சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்பாள்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத உன் அம்மா,
மதலேனா நோபர்ட்